எந்தக் கால் என்று கேட்டார்கள்

மாலை ஏழு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது, குழந்தையின் கட்டிலுக்கு மேலே சுவரில் விழுந்திருந்த வெயில். ஜூன் மாதத்தில் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்தில் ஒன்பது மணிக்குப் பிறகுதான் பொழுது சாயும். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை எட்டு மணிக்குப் படுத்துவிட வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். தெரு முழுக்க ரோலாடன் என்கிற சுருள் கதவுகளை இறக்கி, வெயிலை வெளியே நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைத் தூங்கச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டு ரோலாடன் பாதியில் சிக்கிக்கொள்ளும். அந்தப் பாதி வெயிலில் என் மகள் ஆதிரை எழுந்து உட்கார்ந்து, "அப்பா, கால் வலிக்குது" என்றாள். மூன்று வாரமாக இதே நேரம், இதே வார்த்தை. ஊரில் இருட்டினால்தான் பிள்ளைகளுக்குக் கால் வலிக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே வெயில் அடிக்கும்போதே வலி வந்துவிடுகிறது.

என் மனைவிக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் மாலை ஷிப்ட். மாலை வேளைகள் என் பொறுப்பு. அலமாரியிலிருந்து ஒரு துணியை எடுத்து வலது கெண்டைக்காலில் சுற்றிக் கட்டினேன். நிறம் போன சுங்குடிச் சேலையிலிருந்து கிழித்த பட்டை அது. என்னிடம் இருப்பது ஒன்றுதான். இடது காலுக்குச் சமையலறைத் துண்டு. பத்து நிமிடத்தில் பிள்ளை தூங்கிப்போனாள். காலையில் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகக் குதித்து இறங்கினாள்.

இந்தக் கட்டு விருதுநகர் பக்கம் எங்கள் ஊரான ஆமத்தூரில் என் அம்மா போட்டது. அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிற வேலை. காலை ஆறரைக்கு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து பின்னிவிட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும். சோறு ஆனதும் அம்மா முதலில் எனக்குக் கட்டுவார், பிறகு என்னைவிட மூன்று வயது மூத்த காளீஸ்வரி அக்காவுக்கு, கடைசியில் தனக்கு. ஒரே சேலையில் கிழித்த ஆறு பட்டைகள். மூவரும் வரிசையாகக் கால் நீட்டிப் படுத்திருப்போம். எனக்கும் அக்காவுக்கும் வலி ஏன் என்றால் "வளருறீகல்ல, அதான்" என்பார். அம்மாவும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறார் என்று நான் வெகுநாள் நம்பினேன். அடுத்த வீட்டுப் பேச்சியம்மாள் சித்தி வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்.

"என்னக்கா, வீட்டோட எல்லாருக்கும் கட்டுப் போட்டாச்சா? பொணத்துக்குக் கூட ஒத்தக் கட்டுத்தான் போடுவாக."

"போடி, ஒனக்கு வாயில கட்டணும்" என்பார் அம்மா.

கட்டுவதில் அம்மாவுக்கு ஒரு விதி இருந்தது. ஒரு கால் மட்டும் வலித்தாலும் இரண்டிலும் கட்டுவார். எந்தக் கால் என்று கேட்கவே மாட்டார். "ஒத்தக் கால்ல கட்டுனா அந்தக் கால் வளர்த்தியில பிந்திரும்" என்பது அவர் கணக்கு. எங்கள் தெருவில் எல்லா அம்மாக்களும் அப்படித்தான் கட்டினார்கள். ஆறு பட்டைகளும் காலையில் கொடியில் காயும்.

அந்தத் தண்ணீர் விளையாட்டு நடக்காமல் இருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். வெயில் காலத்தில் கீட்டாவில், அதாவது மழலையர் பள்ளியில், பிள்ளைகளை அரைக்கால்சட்டையோடு தண்ணீர்க் குழாயடியில் விடுகிறார்கள். அன்று அழைத்துவரப் போனபோது ஆசிரியை ஃப்ராவ் லேமன் என்னைத் தனி அறைக்குக் கூப்பிட்டார். ஆதிரையின் இரண்டு கெண்டைக்காலிலும் வரிவரியாகத் தடம் இருக்கிறது, அது என்ன என்று கேட்டார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. மேசையில் ஒரு தாள் இருந்தது.

"நான் கட்டினேன்" என்றேன், எனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

"ஓடாமல் இருக்கவா?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவர் தாளில் ஒரு வரி எழுதினார். வலிக்காகக் கட்டினேன், எங்கள் ஊரில் எல்லோரும் கட்டுவார்கள் என்று சொன்னேன். அதற்கும் ஒரு வரி எழுதினார். செவ்வாய்க்கிழமைக்குள் குழந்தை மருத்துவரிடம் காட்டி, பிள்ளைகளின் வளர்ச்சியைப் பதிகிற மஞ்சள் புத்தகத்தில் குறிப்பு வாங்கி வரச் சொன்னார். மதுரையில் ஒரு நாளிதழில் பன்னிரண்டு ஆண்டு மாவட்டச் செய்திகளைத் திருத்தியவன் நான். அடுத்தவர் சொன்னதை ஒருவர் எப்படி வரியாக மாற்றுகிறார் என்று எனக்குத் தெரியும். "தந்தை குழந்தையின் கால்களைக் கட்டியதாகக் கூறினார்." வார்த்தைக்கு வார்த்தை சரியான வாக்கியம் அது.

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே இரவுச் சாப்பாடு முடிகிற நேரம். அக்கா சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலை பார்க்கிறாள். நிற்கிற வேலை அவளால் முடியாது. ஆசிரியை கதையைச் சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏலே, எந்தக் காலு?"

"ரெண்டுந்தான்க்கா."

"அவ சொன்னாளா, நீயாச் சொல்றியா?"

மூன்று வாரமாகக் கட்டுகிறேன், ஒரு நாளும் கேட்கவில்லை.

அவள் ஏன் கேட்டாள் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு ஒன்பது வயதில் வலது காலில்தான் வலி. பள்ளிக்கூடம் விட்டு வந்து தீப்பெட்டி ஒட்ட உட்காரும்போது வலது காலை மட்டும் நீட்டி வைத்துக்கொள்வாள். காலையில் எழுந்ததும் அந்தக் காலை உதறி உதறி நடப்பாள். எதிரே உட்கார்ந்து ஒட்டுகிற எனக்கு அது தெரியும். சாயங்காலம் இரண்டு காலிலும் கட்டு விழுந்துவிடும். இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா எங்கள் இருவரையும் விருதுநகரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். அவர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"எந்தக் கால்மா?"

"ரெண்டுந்தான் சார். தெனமும் கட்டுறேன்."

"காலைல வலி இருக்கா?"

"காலைல நான் வேனுக்குப் போயிருவேன் சார்."

இரண்டு காலும் என்றால் வளர்கிற வலிதான், பயப்பட வேண்டாம் என்றார் அவர். கேட்ட பதிலுக்கு அது சரியான முடிவு. அம்மாவின் முகம் தெளிந்தது. வழியில் எங்களுக்குப் பால் பன் வாங்கிக் கொடுத்தார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, பன்னைத் தின்றுகொண்டு வந்தேன். அடுத்த மாதம் காய்ச்சலோடு அக்காவின் முழங்கால் வீங்கியது. முழங்காலுக்கு மேலே எலும்பில் சீழ் கோத்திருந்தது. மதுரையில் இரண்டு முறை அறுத்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. கால் முழுசாக மடங்கவில்லை, வளர்த்தியும் நின்றுபோனது. அதன்பிறகு அம்மா யாருக்கும் கட்டவில்லை, தனக்கும் கட்டிக்கொள்ளவில்லை. அவர் இறந்தபின் டிரங்குப் பெட்டியில் இரண்டு பட்டைகள் கிடைத்தன. ஒன்றை அக்கா எனக்குக் கொடுத்தாள், ஒன்றை அவள் வைத்துக்கொண்டாள்.

"மூணு நாளைக்குக் கட்டாத" என்றாள் அக்கா. "எங்கன வலிக்குதுன்னு அவளயே வெரல் வச்சுக் காட்டச் சொல்லு. காலைல நடக்கச் சொல்லிப் பாரு. எழுதி வையி. ஊரு சேதியெல்லாம் எழுதுனவந்தான, ஒன் மக கால எழுத மாட்டியா?"

எழுதினேன். வெள்ளி, ஏழு ஐம்பது: வலது, கெண்டைக்கால். வலது என்ற அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு நான் சமையலறையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். சனி காலை: ஓடினாள், நொண்டல் இல்லை. சனி மாலை: வலி இல்லை. என்னால் நம்ப முடியவில்லை, இரண்டு முறை கேட்டேன். "அப்பா, தூங்க விடு" என்றாள். ஞாயிறு, ஏழு முப்பத்தைந்து: வலதா என்று நான் கேட்கவில்லை, விரலை மட்டும் பார்த்தேன். விரல் இடது காலில் போய் நின்றது. நான் காத்திருந்தேன். பிறகு வலது காலையும் காட்டினாள். திங்கள் காலை: கீட்டாவுக்குப் போகும் வழியில் நடைபாதைக் கட்டங்களைக் கோடு மிதிக்காமல் நொண்டியடித்துத் தாண்டினாள், முதலில் ஒரு காலில், பிறகு மறு காலில்.

செவ்வாய்க்கிழமை மருத்துவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "வெல்ஷஸ் பைன்?" எந்தக் கால். வாய்வரை வந்துவிட்டது, "பைடே", இரண்டும் என்று. நோட்டைத் திறந்து வைத்தேன். தமிழில் எழுதியதை நாள் நாளாக மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் மூட்டுகளை மடக்கி, எலும்பை அழுத்திப் பார்த்து, அறையின் நீளத்துக்கு நடக்கவிட்டார். குடும்பத்தில் யாருக்காவது காலில் குறை உண்டா என்று கேட்டார். அக்காவைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டார். மறுபடியும் ஒருமுறை வலது முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மஞ்சள் புத்தகத்தில் எழுதினார்: வாக்ஸ்டும்ஸ்ஷ்மெர்ட்சன். வளர்ச்சி வலி. அம்மா சொன்ன அதே காரணம், நீளமான சொல்லில். மாறி மாறி வருகிறது, காலையில் இல்லை, வீக்கம் இல்லை, அதனால் கவலை இல்லை என்றார். ஒரே காலில் நிலைத்தாலோ, காலையில் நொண்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வரச் சொன்னார். தடத்தைப் பற்றிக் கேட்டேன். "தடவிக் கொடுங்கள், இறுக்கிக் கட்ட வேண்டாம்" என்றார். ஃப்ராவ் லேமன் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, சிறு வயதில் தனக்கும் இதே வலி இருந்ததாகச் சொன்னார். அந்தத் தாள் என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

அன்று மாலையே அக்காவைக் கூப்பிட்டேன். ஆதிரை மடியில் இருந்தாள். வளர்கிற வலிதானாம் என்றதும் அக்கா, "அப்ப வளரட்டும்" என்றாள்.

ஆதிரைக்குத் துணி வேண்டுமாம். கட்ட மாட்டேன், சும்மா சுற்றித்தான் விடுவேன் என்றேன். சரி என்றாள். ஒன்றுதான் இருக்கிறது, எந்தக் காலுக்கு என்று கேட்டேன். இடது காலை நீட்டினாள்.

"எங்கிட்டயும் ஒண்ணு இருக்குடி மருமகளே, பாக்கியா?" என்று அக்கா போனைக் கீழே இறக்கிச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள்.

அவள் வலது காலில் மட்டும் கட்டியிருந்தாள்.