பதினேழாம் நம்பர் நோட்டு

பிளஸ் ஒன்னில் என் நம்பர் பதினேழு. தினமும் காலையில் மிஸ் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது "பதினேழு" என்பார், நான் எழுந்து "உள்ளேன் மிஸ்" என்பேன். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமே எங்கள் பள்ளியில் கிடையாது. ஜூன் முடிவதற்குள் யாருக்கு என்ன நம்பர் என்பது வகுப்பில் எல்லாருக்கும் மனப்பாடம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்கள் கம்ப்யூட்டர் மிஸ்ஸுக்கு இது தோன்றவே இல்லை.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பாய் பிரௌசிங் சென்டர் திறந்தார். பிளைவுட் தடுப்பு, பூப்போட்ட திரை, ஆறு கம்ப்யூட்டர். நாங்கள் படித்தது கம்ப்யூட்டர் குரூப் என்றாலும் பள்ளி லேபில் நெட் கிடையாது. அதனால் என் பக்கத்து சீட் தோழியும் நானும் பாய் கடைக்குப் போய், ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து, அப்போது ஊரே சேர்ந்துகொண்டிருந்த ஒரு ஃப்ரெண்ட்ஸ் சைட்டில் நாங்களும் சேர்ந்தோம்.

எங்கள் ஊரான காவாந்தண்டலத்தில் நான் டிராக்டர்காரர் பொண்ணு, அவ்வளவுதான். அந்த சைட்டில் எங்கேயோ இருக்கும் யாரோ என்னை "சாப்பிட்டியா" என்று கேட்டார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. பதில் போட்டுவிட்டு வந்தால், திரும்ப என்ன வந்திருக்கும் என்ற நினைப்பு பஸ்ஸிலும் விடாது, சோற்றுத் தட்டின் முன்னாலும் விடாது. கெமிஸ்ட்ரி டியூஷனுக்குப் போகிற நேரத்தையும் பாய் கடையில் கழித்தேன். காலாண்டில் கெமிஸ்ட்ரி போயிற்று.

நான் மட்டும் இல்லை, வகுப்பில் பாதிப் பேருக்கு இதே கதைதான். அதைக் கண்டுபிடித்தவர் அந்தக் கம்ப்யூட்டர் மிஸ்தான். காஞ்சிபுரத்திலிருந்து வருவார், சின்ன வயசு, அடிக்கவே மாட்டார். ஒருநாள் எல்லாருக்கும் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தார்.

"வாரத்துல எத்தனை மணி நேரம் சென்டர்ல இருந்தீங்க, அங்க என்ன பண்ணீங்க, எழுதுங்க. யாரையும் திட்டமாட்டேன். அட்டையில பேரு வேணாம், நம்பர் மட்டும் போடுங்க. என்னைத் தவிர யாரும் பார்க்கமாட்டாங்க, ப்ராமிஸ்."

நான் அதை அப்படியே நம்பினேன். ஒரு பெரியவர் என்னிடம் ப்ராமிஸ் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. முதல் பக்கத்தில் ஒன்பது மணி நேரம் என்று எழுதினேன். டியூஷனுக்கு மட்டம் போட்டதை எழுதினேன். பதில் வராத அன்றைக்கு அழுகையாக வருகிறது என்றும் எழுதினேன்.

தோழி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"லூசாடி நீ? சைபர் போடுடி. நான் சைபர்தான் போட்டுகினு கீறேன்."

"மிஸ் யாருக்கும் காட்டமாட்டாங்கடி."

"ஆமா, ப்ராமிஸ்னு சொல்லிட்டா காட்டமாட்டாங்களா?"

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த நோட்டு எனக்கு உதவி செய்தது. ஒன்பது என்று என் கையெழுத்திலேயே பார்க்கக் கூச்சமாக இருந்தது. அடுத்த வாரம் ஏழு. அப்புறம் நாலு. திங்கள்கிழமை மிஸ்ஸிடம் காட்ட வேண்டுமே என்று பாய் கடை வாசல்வரை போய்விட்டுத் திரும்பி பஸ் ஏறியிருக்கிறேன். நாலாவது வாரம் மூன்று மணி நேரம். பக்கத்தின் ஓரத்தில் மிஸ் சின்னதாக ஒரு சிரிக்கிற முகம் வரைந்திருந்தார். வீட்டுக்கு வந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். காலையிலேயே மிஸ் எங்கள் நோட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார். ஹாலில் முன்னால் நாங்கள், பின்னால் பெற்றோர். நைனா வேலையை விட்டுவிட்டு, தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மிஸ் மைக்கைப் பிடித்தார். நெட்டால் பிள்ளைகள் எப்படிக் கெடுகிறார்கள் என்று ஆரம்பித்து, கையிலிருந்த நோட்டைப் பிரித்தார்.

"பேர் சொல்ல மாட்டேன். பதினேழாம் நம்பர். ஒரே வாரத்துல ஒன்பது மணி நேரம்."

முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. திரும்பிய தலைகளைப் பார்த்து அம்மாக்கள் எட்டிப் பார்த்தார்கள். டியூஷனுக்கு மட்டம் போட்டதைப் படித்தார். அழுகை வருகிறது என்று எழுதியிருந்ததையும் படித்தார், யாரோ சிரித்தார்கள். நாலாவது பக்கத்துக்கு இதோ வந்துவிடுவார், மூன்று என்பதையும் படித்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் நோட்டை மூடி மேஜைமேல் வைத்துவிட்டார்.

தோழி குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவளைக்கூட நான் மன்னித்துவிட்டேன், அவள் முதலிலேயே சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் நைனா கேட்டார்.

"ஒம்போது மணி நேரம் இன்னா பண்ணிக்கினு இருந்தே அங்க?"

"இப்போ மூணுதான் நைனா. கொறைச்சிட்டேன்."

"அவ்ளோ ஜனத்துக்கு முன்னால நான் குந்திக்கினு கீறேன், எல்லாம் என் மூஞ்சியப் பார்த்துச்சு. போதும்மா நீ படிச்சது. நாளையிலருந்து பஸ் ஏற வேணாம்."

எட்டு நாள் பள்ளிக்கூடம் இல்லை. அம்மாவோடு களை எடுக்கப் போனேன். படிப்பு அவ்வளவுதான் என்றுதான் நினைத்தேன். ஒன்பதாம் நாள் மிஸ்ஸே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வெயிலில் நடந்து வந்து முகம் சிவந்திருந்தது. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது தாழ்ந்த குரலில், "நான் பேரைச் சொல்லலையேம்மா" என்றார். அவர் கண்ணில் பொய் இல்லை. வேண்டுமென்றே செய்திருந்தால்கூட ஒருவேளை என் மனசு ஆறியிருக்கும். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டதாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார், அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

"முதல் பக்கம் மட்டும் ஏன் மிஸ் படிச்சீங்க?"

"மத்தவங்க பயப்படணும் இல்லையா? உங்க நல்லதுக்குத்தான்."

மிஸ் பேசிப் பார்த்ததில் நைனா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். வாராவாரம் நோட்டில் சைபர் இருக்க வேண்டும், அவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஒரு தடவை தப்பினால் பள்ளிக்கூடம் கிடையாது. மிஸ் உடனே தலையாட்டினார். மூன்றிலிருந்து ஒரே நாளில் சைபருக்கு வர முடியுமா என்று என்னை யாரும் கேட்கவில்லை.

திரும்பப் போன முதல் வாரம் நோட்டில் சைபர் போட்டேன், வட்டமாக, அழகாக. கீழே நைனா எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். திங்கள்கிழமை மிஸ் அதைச் சிவப்பு மையில் டிக் அடித்து, 'வெரி குட்' என்று எழுதி, வகுப்புக்கே உயர்த்திக் காட்டினார்.

"பார்த்தீங்களா? மனசு வச்சா முடியும். பதினேழுக்கு எல்லாரும் கை தட்டுங்க."

கை தட்டினார்கள். தோழி எல்லாரையும்விட சத்தமாகத் தட்டினாள். நான் எழுந்து நின்று "தேங்க்யூ மிஸ்" என்றேன். நான் சைபர் போட்ட அந்த வாரம், ஸ்பெஷல் கிளாஸ் என்று நைனாவிடம் சொல்லிவிட்டு, பாய் கடையில் ஐந்து மணி நேரம் இருந்தேன்.