மெட்ராஸ் போக மேற்கே கிளம்பியவர்

மெட்ராஸ் துறைமுகத்தில் எங்கள் கம்பெனி செய்த, பாரம் இழுக்கிற வின்ச்சுகள் கப்பலுக்குக் காத்திருந்தன. மறுநாள் மதியம் வாங்குகிற பார்ட்டி முன்னால் ஓட்டிக் காட்டி, எங்கள் ஆபீசர் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் கேன்சல். ஆர்டர் போனால் அதற்காக எடுத்த டெம்பரரி ஆட்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர்களில் என் தம்பி தாஸும் ஒருவன். அப்பாவின் சுரங்க வேலை ஆட்டம் கண்டிருந்த வருஷம் அது. தாஸ் பெர்மனென்ட் ஆவான் என்று வீடே நம்பிக்கொண்டிருந்தது.

தங்க வயலில் எங்கள் சின்னத் தொழிற்சாலையில் டிராவல் செக்‌ஷன் என்றால் ஒரு மேசை, ஒரு டெலிபோன், நான். கையெழுத்துப் போடப் போக வேண்டிய மேனேஜர் ஞானப்பிரகாசம் அப்போதுதான் விமானத்தில் போகலாம் என்கிற கிரேடுக்கு உயர்ந்திருந்தார். பிறந்தது ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில்தான். அந்தக் கிரேடு வந்த ஆபீசர்கள் விமானக் கம்பெனி கட்டிவிட்ட அட்டையைப் பெட்டியிலிருந்து கழற்றவே மாட்டார்கள். மாதக்கணக்கில் அது கேன்டீன் வரைக்கும் ஆடிக்கொண்டு வரும். ஞானப்பிரகாசத்தின் பெட்டி மட்டும் இன்னும் மொட்டையாக இருந்தது.

"இன்னாம்மா மேரி, பெங்களூர்லேர்ந்து மெட்ராஸ் ஃப்ளைட் எவ்ளோ நேரம்?"

"ஐம்பது நிமிஷம் சார். ஆனா இங்கேர்ந்து ஏர்போர்ட்டுக்குக் கார்லயே மூணு மணி நேரம் ஆவும். பங்காருபேட்டைல காலை எக்ஸ்பிரஸ் ஏறினா மதியத்துக்கு மெட்ராஸ் சார். ஃபிட்டர் ஆரோக்கியம் அண்ணனும் அதுலதான் போறாரு."

"ஃபிட்டரோட என்னையும் போவச் சொல்றியா? ட்ரெயின் அஞ்சு மணி நேரம், ஃப்ளைட் ஐம்பது நிமிஷம். கணக்குத் தெரியாதா ஒனக்கு?"

என்ன கணக்கோ! மெட்ராஸ் எங்களுக்குக் கிழக்கே. பெங்களூர் மேற்கே. இந்த மகராசன் மேற்கே மூன்று மணி நேரம் போய், விமானம் ஏறி, திரும்ப எங்கள் ஊர்ப் பக்கமாகவே பறந்து மெட்ராஸ் போக வேண்டும். சின்னப் பிள்ளைக்கு மேப்பைக் காட்டினால் சிரிக்கும். இவர் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் மதியம் ஏர்போர்ட்டிலிருந்து போன்.

"ஃப்ளைட் லேட்டும்மா. இன்னாவோ ரிப்பேராம்."

"சார், ஆரோக்கியம் அண்ணன் போய்ச் சேந்து வின்ச்ச ஓட்டிக் காட்டிட்டாராம். ஒங்க கையெழுத்துக்குத்தான் நிக்கறாங்க."

"நிக்கட்டும். ஏறிட்டா ஐம்பது நிமிஷந்தானே!"

அவர் துறைமுகம் போய்ச் சேர்ந்தபோது பார்ட்டி கிளம்பிவிட்டது. கப்பல் வேறு சரக்கை ஏற்றிக்கொண்டது. ஆரோக்கியம் அண்ணன் மட்டும் வின்ச் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம்.

ஆபீசில் விசாரணை நடந்தது. விமானம் தாமதம் என்றார்கள், விதி என்றார்கள். ஏன் விமானம் என்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் அதே கிரேடு. அந்த வாரமே தாஸ் கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்தான். அன்றைக்கே மேனேஜர் என் மேசைக்கு வந்தார்.

"மேரி, மெட்ராஸ் போய் அந்தப் பார்ட்டிய சமாதானம் பண்ணணும். இந்தத் தடவ இன்னும் சீக்கிரமா ஒரு ஃப்ளைட் போடு."

நான் டெலிபோனை எடுக்கவில்லை. "ஒங்க ஐம்பது நிமிஷத்துல என் தம்பி வேல போச்சு சார்."

"ஃப்ளைட் லேட்டானா நா இன்னாம்மா பண்ணுவேன்?" என்றார். நிஜமாகவே புரியாத முகம்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, ஏர்போர்ட்டுக்கும் ஏர்போர்ட்டுக்கும் எவ்வளவு நேரம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். நீங்கள் வீட்டு வாசலிலிருந்து வேலை நடக்கிற இடம் வரை கணக்குப் போடுங்கள். அதை ஆபீசரிடம் சத்தமாகச் சொல்லுங்கள். அவர் கேட்க மாட்டார். அவர் எப்போது போய்ச் சேர்ந்தாலும் அவருக்குச் சம்பளம் வந்துவிடும்.