முத்துலிங்கம் கியர் பழக்குகிறார்

ஸ்க்ரூடிரைவரின் நுனியைக் காரின் கியர் பெட்டியில் ஊன்றி, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொண்டு முத்துலிங்கம் குந்தியிருந்தார். முழ நீளம்கூட இல்லாத ரிமோட் கார் அது. பால்மா டின்னின் மேல் ஏற்றி வைத்திருந்ததால் நான்கு சக்கரங்களும் அந்தரத்தில் மெதுவாகச் சுழன்றன. மனைவி நாகலெட்சுமி பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்த சத்தத்துக்கே அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"செத்த சும்மா இரு புள்ள. கியர் பேசிக்கிட்டு இருக்கு."

கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக அவர் மெஷின்களைப் பூட்டிப் பழுதுபார்க்கும் பிட்டர். கொழுந்து அரைக்கும் ரோலருக்குப் புது கியர் போட்டால், ஒரு நாள் முழுக்க அதை வெறுமனே ஓடவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். தோட்டத்தை நடத்தும் துரையே வந்து பக்கத்தில் நின்றாலும் மாறாது. "புதுப் பல்லு ஒன்னோட ஒன்னு மூஞ்சி பாத்துப் பழகணுங்க. ஒடனே பாரத்த ஏத்துனா கடிச்சுக்கிட்டுச் சாகும்" என்பார். விளையாட்டுக் காருக்கும் அதே சட்டம்தான். இரண்டு கியருக்கும் நடுவே பள்ளிக்கூடக் கொப்பித்தாளில் ஒரு கீற்றைக் கொடுத்து நெருக்கி முடுக்குவார். பிறகு தாளை உருவிவிடுவார். அந்தத் தாளளவு இடைவெளிதான் கணக்கு. அதற்கப்புறம் இரண்டு பேட்டரி தீரும்வரை மெல்ல நடைதான், வேகம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது.

கார் லக்ஸ்மனுடையது. நாகலெட்சுமியின் தம்பி, கட்டாரில் வேலை. இந்த ஒரு ரேஸுக்காகப் போன வருடத்து லீவையும் எடுக்காமல் சேர்த்து வைத்திருந்து வந்தவன். அன்று பதினொரு மணிக்கு நுவரெலியாவில் ரிமோட் கார் ரேஸ். மறுநாள் விமானம்.

முதல் செட் கியரை நாசமாக்கியது முத்துலிங்கம்தான். போன வாரம் விடாத மழை, லயத்து வீட்டு வாசலெல்லாம் சேறு. காய்ந்த நீளத் தரை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில்தானே இருக்கிறது என்று, பௌர்ணமிப் போயா லீவன்று தேயிலை சலிக்கும் அறையில் காரை ஓடவிட்டார். சலிக்கும்போது பறந்து படிகிற தேயிலைப் பஞ்சு கிறீஸில் ஒட்டிப் பெட்டிக்குள் போய், ஒரு மணித்தியாலத்தில் பல்லையெல்லாம் மழித்துவிட்டது. லக்ஸ்மன் ஒரு வார்த்தை திட்டவில்லை. கொழும்புக் கடையில் மிச்சமிருந்த ஒரே செட்டை வரவழைத்தான். திட்டாத அந்த மௌனம்தான் நாலு நாளாக அவரைத் தின்றுகொண்டிருந்தது.

இந்த முறை வாசல் சிமெந்தை மூன்று தடவை கழுவித் துடைத்திருந்தார். இரண்டாவது பேட்டரியில் பாதி ஓடியாயிற்று. மணி எட்டேகால். ஒன்பதுக்கு வேன்.

"நல்லாத்தானே ஓடுது மச்சான். போதும், கெளம்புவோம்" என்றான் லக்ஸ்மன்.

"இரு. ஒரு எடத்துல டிக்குங்குது."

"எனக்குக் கேக்கலயே."

"ஒனக்குக் கேக்காது."

திறந்தால் மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டும். திறக்காமல் விட்டால் ரேஸ் பாதியில் பல் போனாலும் போகும். முத்துலிங்கம் காரை நிறுத்திப் பெட்டியைத் திறந்தார்.

பல்லிடுக்கில் மயிரிழை போலப் பழுப்பாக ஒரு நார். தேயிலைப் பஞ்சு. கழுவிய தரையில் ஏது பஞ்சு என்று திகைத்தவர், தன் கையைப் பார்த்தார். காலைக் குளிருக்குத் தினமும் ஸ்டோருக்குப் போட்டுக்கொண்டு போகிற கம்பளி சுவெட்டர். முழங்கை வரைக்கும் பஞ்சு அப்பிக் கிடந்தது. போயாவன்றும் இதைத்தான் போட்டிருந்தார்.

ஊதிவிட்டு மூடியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் அந்த நாரை விரல் நுனியில் எடுத்து நீட்டினார்.

"என் சுவெட்டர்ல இருந்துதான் லக்ஸ்மன். போன வாட்டியும் இதுவாத்தான் இருக்கும்."

"என்னா மச்சான் நீங்க! பெரிய பிட்டராம்! ரெண்டு வருசமா இந்த ஒரு நாளுக்காகக் கெடந்தேன், தெரியுமா?"

பக்கத்து வாசல்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினான். முத்துலிங்கத்துக்கு நாலு நாளைக்குப் பிறகு மூச்சு ஒழுங்காக வந்தது.

"கத்து, நல்லாக் கத்து. கத்திட்டு, வேன்காரனுக்குப் போன் போட்டு முக்கா மணி பொறுக்கச் சொல்லு."

சுவெட்டரைக் கழற்றி வாசலுக்கு வெளியே தண்ணி ஓடும் கானில் எறிந்தார். மலைக்காற்று பனியனைத் துளைத்தது. பெட்டியைத் துடைத்துப் புது கிறீஸ் வைத்துவிட்டு, அரிசி மணியளவு ஸ்க்ரூவை எடுத்தார். இரண்டு கியருக்கும் நடுவே புதுத் தாள் கீற்றைக் கொடுத்து, முத்துலிங்கம் முதல் ஸ்க்ரூவை முடுக்கத் தொடங்கினார்.