பண்ருட்டியில் நான் செய்த ஜெபம்

எமீமா பால் குடிக்கும்போது வியர்த்தாள். அதுதான் முதல் அறிகுறி. மார்கழிக் குளிரில், ஐந்து வாரக் குழந்தையின் நெற்றி நனைந்திருக்கும். நான்கு தடவை உறிஞ்சிவிட்டு, மாடிப்படி ஏறியவள்போல இளைப்பாள். பிறகு தூங்கிவிடுவாள்.

தானே புயல் எங்கள் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்த சமயம் அது. நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் விழுந்த மரத்தை அறுத்து எடுத்த பிறகுதான் அவளைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோக முடிந்தது. அங்கே எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) எடுத்தார்கள். இதயத்தின் நடுச்சுவரில் பெரிய ஓட்டை. ரத்தமும் எடுத்தார்கள். அதன் முடிவுக்கு மூன்று வாரம் கழித்துத் திரும்பவும் போனோம். டவுன் சிண்ட்ரோம் (செல்களில் இருபத்தொன்றாவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும் பிறவி நிலை) என்றார் டாக்டர். இது யார் தப்பும் இல்லை, எல்லாம் மெதுவாக வரும், முதலில் இதயத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார்.

திரும்பும் வழியில் பேருந்து பண்ருட்டியில் நின்றது. சுரங்கத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் கணவர், தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று இறங்கினார். குழந்தை என் மடியில் தூங்கினாள். நான் கண்ணைக்கூட மூடவில்லை. "ஆண்டவரே, இவளை எடுத்துக்கொள்ளும்" என்றேன்.

அவ்வளவுதான் ஜெபம். கணவர் வந்து உட்கார்ந்து, குழந்தைமேல் வெயில் படாமல் ஜன்னலில் துண்டைக் கட்டினார்.

இதைப் படிப்பவர்களில் சிலரும் இப்படிக் கேட்டிருப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சபையார் வீட்டுக்கு வந்து அவள் சுகத்துக்காக ஜெபித்தார்கள். உபவாச ஜெபத்துக்கு வந்த ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, மறைவாக ஏதும் இருந்தால் அறிக்கை பண்ணிவிடு என்றார். பிள்ளை பிறப்பதற்கு முந்தைய பாவத்தைத்தான் அவர் சொன்னார். நான் பேருந்தை நினைத்தேன். இவர்கள் எல்லோரும் கேட்பதற்கு முன்பே நான் வேறொன்றைக் கேட்டுவிட்டேன். எது முதலில் போய்ச் சேர்ந்திருக்கும்?

அதன் பிறகு எடை ஏறாதது, அழும்போது உதடு நீலமாவது, மூச்சு வாங்குவது எல்லாமே அந்த ஜெபத்துக்குப் பதில் வந்துகொண்டிருப்பதாகத் தெரிந்தது. கணவரிடம் சொல்லவில்லை.

ஐந்தாம் மாதம் சென்னையில் அறுவை சிகிச்சை. முந்தைய நாள் சர்ஜன் எங்களை உட்காரவைத்து ஒப்புதல் படிவத்தை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

"ரிஸ்க் இருக்கும்மா. இந்த மாதிரி குழந்தைக்கு ஆபரேஷன் வேணாம்னு கூட்டிட்டுப் போறவங்களும் இருக்காங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

நான் கேட்டதுதான் அந்த மேசைமேல் இருந்தது. வேண்டாம் என்றால் போதும். கணவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பின்னாளில் அவர் அதை என் விசுவாசம் என்று எல்லோரிடமும் சொன்னார். அது பயம்.

அறுவைக்குப் பிறகு அவளை வென்டிலேட்டரில் (செயற்கைச் சுவாசக் கருவி) வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று ஜெபிக்கத் தொடங்கினால் அந்தப் பழைய வாக்கியமே வாய்க்கு வந்தது. அதனால் ஜெபிப்பதை விட்டுவிட்டு, எமீமா எமீமா என்று பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள். தொண்டை புண்ணாகியிருந்ததால் அவள் அழுதது வெளியே கேட்கவில்லை. எட்டாம் நாள் நடுவில் நிறுத்தாமல் பால் குடித்து முடித்தாள்.

ஆலயத்தில் சாட்சி (கடவுள் செய்த நன்மையைச் சபை முன் எடுத்துச் சொல்வது) சொல்லச் சொன்னார்கள். கணவர்தான் சொன்னார். நான் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது வயதில் அவள் நடந்தாள். கட்டிலைப் பிடித்திருந்தவள் கையை விட்டுவிட்டு, முதல் ஷிப்ட் முடிந்து வந்தவரை நோக்கி நான்கு எட்டு வைத்தாள். அவர் அவளைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தபோது, அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. பேருந்தில் கேட்டதைச் சொன்னேன்.

அவர் அடுப்பை அணைத்தார்.

"அன்னைக்கு நான் தண்ணி வாங்க எறங்கல ஸ்டெல்லா. அழறதுக்குத்தான் எறங்கினேன். வரும்போது ஒரு பாட்டிலும் வாங்கிக்கினு வந்தேன்."

பிறகு அதைப் பற்றி அவர் பேசியதில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து, ஷிப்டுக்குக் கிளம்புமுன் தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். அதைக் காணும்போதெல்லாம், சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றும்.

எமீமாவுக்கு இப்போது எட்டு வயது. ஆலயத்தில் போதகர் ஜெபத்தை முடிக்குமுன்பே உரக்க ஆமென் சொல்லிவிடுவாள். சிறப்புப் பள்ளி வாசலில், கம்மாபுரத்திலிருந்து மகனை அழைத்துவரும் ஒரு தாய் போன மாதம் என்னிடம் சொன்னார்: "நமக்கு ஒரு நாள் முன்னாடி இதுங்க போயிடணுங்க. தெனம் சாமிகிட்ட அதான் கேட்டுக்கினு இருக்கேன்."

சொல்லிக்கொண்டே மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். அவர் கேட்பது அன்பினால். நான் எமீமாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

இந்தப் பிள்ளைகளுக்கு முதுமை சீக்கிரம் வரக்கூடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாற்பதிலேயே எலும்பும் நினைவும் தளரலாம். அவளுக்கு நாற்பது ஆகும்போது எனக்கு எழுபத்துநான்கு. இரண்டு கிழவிகள் ஒரே வீட்டில், யார் யாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்போம். அந்த வருடத்தை நோக்கித்தான் இந்த உடம்பை வைத்துக்கொண்டிருக்கிறேன். முழங்கால் வலித்தால் முன்போல விட்டுவிடுவதில்லை. சர்க்கரை ஏறினால் பயப்படுகிறேன்.

எழுபத்துநான்கு வரை இருக்க வேண்டும் என்று இன்னும் ஜெபத்தில் கேட்கவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை. தினமும் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடக்கப் போகிறேன்.