லண்டன் ஓரக் காட்டில் சாடில் கட்டி மரமேறப் போன காலை

பேசாமல் இருந்தது போதும். சென்ற ஒக்டோபரில் நானும் ஒரு நண்பரும் மான் வேட்டைக்காக மரமேறப் போனோம். அந்தப் பயணத்தைப் பற்றி நண்பர் தன் பெயரும் படமும் போட்டு ஒரு பதிவு எழுதியிருக்கிறார். நம்மவர்கள் வரிசையாகப் பாராட்டியிருக்கிறார்கள். அதில் நான் இல்லை. மரத்தடியில் நின்றவனாகக்கூட இல்லை. ஆகவே அதே பயணத்தை நானும் எழுதுகிறேன். இதேபோலப் போக நினைப்பவர்களுக்கு வேண்டிய விபரங்களும் இதில் உண்டு. அவருடைய பதிவை மட்டும் நம்பி ஏறினால் யாராவது விழுந்து சாவார்கள்.

நண்பரைப் பேரின்பம் என்று வைத்துக்கொள்வோம். தென் லண்டனில் கோலியர்ஸ் வுட்காரர், கட்டட ஒப்பந்த வேலை, முறையான துப்பாக்கி அனுமதி உள்ளவர். நான் நோர்பரி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கணிதம் படிப்பித்ததால் எல்லோருக்கும் மாஸ்டர். அவருடைய மகனும் என் மகளும் பல்கலைக்கழகத்தில் ஒருவரையொருவர் விரும்பியவர்கள். சாதகமும் பொருந்தியிருந்தது. தை மாதம் நிச்சயம் செய்வதாகப் பேச்சு. சம்பந்திமார் இரண்டு பேரும் கொஞ்சம் ஒட்டட்டும் என்று எங்கள் மனைவிமார் சேர்த்து அனுப்பிய பயணம் என்றே சொல்லலாம்.

நோர்பரியிலிருந்து பதின்மூன்று மைல். குரொய்டன் தாண்டித் தெற்கே போனால், இன்னும் லண்டன் எல்லைக்குள் இருக்கும்போதே வயல்களும் காடுகளும் வந்துவிடும். அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் நாற்பது நிமிடம். வாகனம் பழைய டீசல் என்றால் புகைக்கான யூலெஸ் கட்டணம் பன்னிரண்டரைப் பவுண் போகும், மறக்கவேண்டாம். நாங்கள் போனது ஒரு தனியார் காடு. மான்கள் இளம் மரக்கன்றுகளைக் கடித்துத் தீர்க்கின்றன என்று உரிமையாளரான வெள்ளைக்கார அம்மா பேரின்பத்துக்கு எழுத்தில் அனுமதி கொடுத்திருந்தார். இந்த நாட்டில் வில்லால் மான் வேட்டையாடுவது குற்றம், துப்பாக்கிதான். மரத்தின் மேலிருந்து சுட்டால் குண்டு கீழே மண்ணுக்குள் போய்விடும், அது பாதுகாப்பு.

இதற்கு இங்கே வழக்கமாக வைப்பது இரும்பு ஏணி ஆசனம். அதை இரண்டு பேர் தூக்கவேண்டும். சாடில் முறையில் எல்லாச் சாமானும் ஒரு முதுகுப்பைக்குள் அடங்கும், ஆறு கிலோவுக்குள். சாடில் என்பது இடுப்பையும் தொடையையும் தாங்கும் ஒரு துணி இருக்கை. அதிலிருந்து ஒரு கயிறு மரத்தைச் சுற்றிப் போகும். அதில் சாய்ந்து தொங்கலாம். ஏறுவதற்கு முழு ஏணி தேவையில்லை, முழங்கால் உயர ஏணித்துண்டு ஒன்று போதும். அதை மரத்தில் பூட்டி, அதில் ஏறி, கயிற்றை மேலே நகர்த்தித் தொங்கிக்கொண்டு, துண்டைக் கழற்றி இன்னும் மேலே பூட்டி, மறுபடி ஏறவேண்டும். இறங்க வேறொரு கயிறு. ஒரு ஆளுக்கு மட்டும் வாங்கினேன், எல்லாமாக எனக்கு முந்நூற்றி எண்பது பவுண் ஆனது. இரண்டு ஞாயிறுகள் அவருடைய தோட்டத்து மரத்தில் மாறி மாறிப் பழகினோம்.

வாகனத்தில் பேரின்பம் நல்ல குதூகலம்.

"சம்பந்தி, மனிசி கேட்டவ, மான் இறைச்சி நிச்சயத்துக்கு வாற சனத்துக்குக் காணுமோ எண்டு."

"முதல்ல மானைச் சுடுங்கோ அண்ணை."

"சுடுறது என்ர வேலை. நூற்றிப் பத்துக் கிலோவை மரத்தில ஏத்துறது உங்கட வேலை. கயிறு அறுந்தா உங்கட பெட்டைக்கு மாமன் இல்லை, பாத்துக்கொள்ளுங்கோ."

இருவரும் சிரித்தோம். வழி முழுக்க என்னைச் சம்பந்தி என்றே கூப்பிட்டார். எனக்கும் அது பிடித்திருந்தது.

நான் தேர்ந்தது லார்ச் என்ற ஊசியிலை மரம். நேரான தண்டு, சொரசொரப்பான பட்டை, கீழே கிளை இல்லை, கட்டிப்பிடிக்கக்கூடிய பருமன். ஏணித்துண்டை எப்போதும் ஒரு சிறு கயிற்றால் உடம்போடு கட்டிவைக்க வேண்டும். பேரின்பம் ஏறுமுன் நான் அதைக் கட்டிவிட்டுக் கீழே நின்றேன். காலில் சிக்குகிறது என்று பாதி வழியில் அவர் அந்தக் கயிற்றைக் கழற்றிவிட்டார். அவருடைய பதிவில் இல்லாத முதல் விடயம் இது.

பதினைந்து அடி உயரத்தில், சாடிலில் தொங்கியபடி துண்டைக் கழற்றினார். அது கைதவறி விழுந்து என் காலடியில் கிடந்த கல்லில் மோதியது. பூட்டு உடைந்துவிட்டது. அவர் பதற்றத்தில் அசைந்ததில் சாடில் மேலேறி, தொடைப்பட்டி இறுகிவிட்டது. இறங்கும் கயிறு அவர் இடுப்பில்தான் இருந்தது. ஆனால் அதற்கு மாறவேண்டுமானால், தொங்கும் கயிற்றிலிருந்து பாரத்தை எடுக்கவேண்டும். பாரத்தை எடுக்க எழுந்து நிற்கவேண்டும். நிற்க அவர் காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"சம்பந்தி, கால் விறைக்குது."

"காலை ஆட்டிக்கொண்டிருங்கோ அண்ணை."

"ஏலாது. இடுப்புக்குக் கீழ ஒண்டும் தெரியேல்லை. என்னை விட்டிட்டுப் போயிடாதேங்கோ."

இப்படித் தொங்குபவருக்கு அதிக நேரம் இல்லை. கால்களில் இரத்தம் தேங்கி மயங்கிவிடுவார், பிறகு உயிர் போகவும் கூடும். அவசர உதவிக்கு 999ஐ அழைத்தேன். வழி விளங்கப்படுத்தவே பல நிமிடம் போனது; வர அரை மணித்தியாலமாவது ஆகும் என்றார்கள். மேலே அவர் பேச்சுக் குழறத் தொடங்கியிருந்தது.

துப்பாக்கியை மேலே இழுக்க வைத்திருந்த கயிறு கீழே கிடந்தது. சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினேன். கயிற்றை இரட்டையாக்கி வளையமாக முடிந்து இரண்டு பாதங்களிலும் மாட்டினேன். யாழ்ப்பாணத்தில் பனையேறுகிறவர்கள் போடும் தளைநார் அதுதான். பாதங்களால் தண்டை நெரித்து, கைகளால் அணைத்து, உடம்பை மேலே தள்ளிப் போனேன். எனக்கு இடுப்புக் கயிறு இல்லை. இதை நீங்கள் செய்யக்கூடாது. பதினாறு வயதுக்குப் பிறகு நான் அப்படி ஏறியதில்லை. உடம்பு மறக்கவில்லை.

முதுகுப்பையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டு வந்த நாடாவை அவர் கால்மட்டத்தில் மரத்தைச் சுற்றிக் கட்டி மிதியாக்கினேன். அவர் பாதத்தைப் பிடித்து அதில் வைத்தேன். எழுந்து நின்றதும் கயிறு தளர்ந்தது. இறங்கும் கயிற்றை நானே பூட்டிக் கொடுத்து, மெதுவாக அவரை இறக்கிவிட்டு, பின்னால் இறங்கினேன். உதவி வேண்டாம் என்று மறுபடி தொலைபேசியில் சொன்னவர் அவர்தான்.

அவர் இலைச்சருகில் கால் நீட்டி, என் கையைப் பிடித்து அழுதபடி கிடந்தார். நிறம் திரும்பியதும் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வெறுங்காலைப் பார்த்தார். வளையம் இன்னும் அதில் இருந்தது.

"உது எங்க பழகினனீங்கள்?"

"சின்னனில."

எழுந்து உட்கார்ந்து காலைத் தேய்த்தார். பிறகு, "எந்தக் குறிச்சி எண்டு சொன்னனீங்கள்?" என்றார்.

நான் அவருக்கு ஒருபோதும் குறிச்சி சொன்னதில்லை. லண்டனில் நம்மவர்கள் முதலில் ஊரைக் கேட்பார்கள், பிறகு ஊருக்குள் எந்தப் பக்கம் என்று குறிச்சி, பிறகு கோயில். மூன்றாவது கேள்விக்குள் ஆளைப் பிடித்துவிடுவார்கள். நான் எப்போதும் படித்த கல்லூரியின் பெயரைச் சொல்வேன். பெரிய கல்லூரி என்பதால் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும். அன்று களைப்பாக இருந்தது. சற்று முன் என் கையைப் பிடித்து அழுத மனிதர் என்ற நம்பிக்கையும் இருந்தது.

"எங்கட ஐயா கள்ளுச் சீவினவர் அண்ணை. பள்ளிக்கூடம் போக முதல் நானும் ஏறியிருக்கிறன்."

"ஓம், ஓம். அதில என்ன இருக்கு," என்றார். "இந்தக் காலத்தில ஆர் உதெல்லாம் பாக்கினம்."

சாமான்களைக் கட்டும்போது காட்டுப்பாதையின் முனையில் ஒரு மான் வந்து நின்றது. துப்பாக்கி உறைக்குள் இருந்தது. நாங்கள் இருவரும் பார்க்க அது சாவகாசமாகப் போனது. திரும்பும் வழியில் வானொலி கேட்டோம். நோர்பரியில் என்னை இறக்கிவிட்டபோது, "அப்ப சரி மாஸ்டர், வாறன்," என்றார்.

ஒரு கிழமை கழித்து அவர் மனைவி என் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தார். வேறொரு ஐயரிடம் சாதகத்தைக் காட்டினார்களாம், செவ்வாய் சரியில்லையாம். பிள்ளைகளின் நன்மைக்குத்தானாம். அவர்கள் மகன் என் மகளிடம் கொஞ்ச நாள் பொறு என்றானாம், அப்பாவோடு கதைக்கிறேன் என்றானாம். மார்கழியோடு அவனுடைய குறுஞ்செய்திகளும் நின்றுவிட்டன. லண்டனில் பிறந்த பிள்ளை. பனைமரத்தைப் படத்தில் மட்டும் பார்த்தவன். அவன் மேல்தான் எனக்குக் கூடுதல் கோபம்.

நடந்ததை மகளிடம் முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்பா, அந்தாளை அங்கேயே தொங்க விட்டிருக்கலாம்," என்று சிரித்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். தைப்பொங்கலன்று வேலைக்குப் போகிறேன் என்று ஷிப்ட் வாங்கிக்கொண்டு போனாள். அவளுக்கு வாங்கியிருந்த சேலை இன்னும் கடைப் பையோடு இருக்கிறது.

இப்போது பேரின்பத்தின் பதிவு. பாரம் குறைந்த ஏணித்துண்டை நம்பவேண்டாம், அது கழன்று விழுந்தது, தான் மனத்தைத் தளரவிடாமல் தானே இறங்கினேன் என்று எழுதியிருக்கிறார். துண்டு கழன்று விழவில்லை. முறையும் பிழையில்லை. துண்டை உடம்போடு கட்டுங்கள், சிக்கினாலும் கழற்றாதீர்கள். கைக்கெட்டும் பையில் கால் வைக்க ஒரு நாடா வளையம் இருக்கட்டும். அன்று அவரிடம் அது இருந்திருந்தால் நான் ஏறவேண்டி வந்திராது. தனியே போகவேண்டாம். கீழே நிற்பவருக்கும் ஒரு சாடில் வாங்குங்கள், நான் வாங்காமல் விட்டேன். பொதுப் பூங்கா மரங்களில் பழகினால் கவுன்சில் அபராதம் போடும். ஒக்டோபர் காலையில் மரப்பட்டை ஈரமாக இருக்கும், வெளிச்சம் வரட்டும்.

இன்னொருமுறை அவர் அங்கே தொங்கினாலும் நான் ஏறுவேன். அதைப் பெருந்தன்மை என்று எண்ணவேண்டாம். தொங்குகிற ஆளைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு வராது. ஆனால் அவருடைய வீட்டு வாசலை இனி மிதிக்கமாட்டேன், அவருடைய சாவீடானாலும்.

இதை என் பெயர், ஐயாவின் பெயர், குறிச்சி எல்லாம் போட்டுத்தான் எழுதி முடித்தேன். நேற்று மகளிடம் காட்டினேன். தொலைபேசியில் இரண்டு தடவை வாசித்தாள்.

"போடுங்கோ அப்பா. ஒரு சொல்லும் மாத்தாதேங்கோ. ஆனா பேர் வேண்டாம்."

"நான் வெக்கப்படேல்லைப் பிள்ளை."

"எனக்கும் வெக்கமில்லை. எல்லாரும் என்னைப் பாவம் எண்டு பாப்பினம். அது எனக்கு ஏலாது."

தொலைபேசியைத் திரும்ப வாங்கினேன். குறிச்சியை அழித்தேன். என் பெயரை அழித்தேன். ஐயாவின் பெயரை அழிக்கத்தான் நேரம் எடுத்தது. பெயரில்லாமல் போடுகிறேன்.