கங்கை பூஜைக்குப் பிறகு வைத்த மீட்டர்

காலை ஏழு இருபது. ஹனூரைத் தாண்டிய அந்தத் தோட்டத்தில் முதலில் கண்ணில் பட்டது, வாழை இலைகளில் தெறித்துக் காய்ந்திருந்த பச்சை நிறச் சேறு. மைசூரிலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் போர் போடும் ரிக் வண்டி, நான் சொன்ன ஆழத்தைத் தாண்டியிருந்தது.

போர்வெல் போட இடமும் ஆழமும் பார்த்துச் சொல்லும் ஜியாலஜிஸ்டாக முப்பது வருடம் வேலை செய்தவன் நான். முன்னூறு அடியில் நிறுத்தச் சொல்லியிருந்தேன். அங்கே ஒன்றரை இஞ்சு குழாய் நிறையும் அளவுக்கு நல்ல தண்ணீர் வந்திருந்தது. அதற்குக் கீழே பாறை உடைந்து நகர்ந்த ஃபால்ட். நொறுங்கிய பாறை களியாகி வழியை அடைத்துக்கொள்ளும். உள்ளே சிக்கிய நீர் வெளியேறாது, மழைநீரும் அங்கே போய்ச் சேராது. பாறையின் உப்பைக் கரைத்துக்கொண்டு நெடுங்காலமாக அப்படியே கிடக்கும். அந்தப் பச்சைச் சேறு அங்கிருந்து வந்தது.

நிலம் ராசாமணியுடையது. கணவர் இறந்துவிட்டார். இந்த வாழை தேறாவிட்டால் நிலத்தைக் கணவரின் அண்ணன் மாதேவனிடம் விட்டுவிட்டு வெளியூர் வேலைக்குப் போக வேண்டும். முன்னூறு அடிக்குக் கீழேயும் துளைக்கச் சொன்னவர் அந்த மாதேவன்தான். அந்தப் பக்கம் எத்தனை இஞ்சு என்றுதான் கேட்பார்கள். உப்பை யாரும் கேட்பதில்லை. மூன்று இஞ்சு வந்ததும் தேங்காய் உடைத்து, மஞ்சள் தூவி, கங்கை பூஜையை முடித்துவிட்டார்கள்.

உப்பு அளக்கும் மீட்டரைத் தண்ணீரில் வைத்தேன்; எண் எகிறியது. நாக்கிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், கரித்தது. துளை சரியாமல் இறக்கும் கேசிங் பைப் மேல்மண் வரைக்கும்தான். அதற்குக் கீழே வெறும் துளை. கோடையில் மேலே உள்ள நல்ல நீர் குறைந்ததும் அடியிலிருக்கும் உப்புத் தண்ணீர் ஏறிவிடும். முன்னூறு அடிக்குக் கீழே களிமண்ணும் சிமெண்டும் இறக்கி அடைத்துவிடலாம் என்றேன்.

"ஒன்றரை இஞ்சே போதுங்க சார். சொட்டு நீர் போட்டுக்கறனுங்க" என்றார் ராசாமணி.

மாதேவன் விடவில்லை. "ஏனுங்க சார், கும்பிட்ட கங்கம்மா வாயில மண்ணள்ளிப் போடச் சொல்றீங்களா? அம்மிணி, ஊட்டுல ஒருத்தன் ஏற்கெனவே போயிட்டான். அடுத்தது ஆருன்னு பாத்துக்க."

ராசாமணி பள்ளிக்குக் கிளம்பி நின்ற மகளைப் பார்த்தார். துளையை அடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சித்திரையில் வாழை இலைகளின் ஓரம் கருகியது. தள்ளிய குலைகளில் காய் திரளவில்லை.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு: நிறுத்த வேண்டிய ஆழம் வரும்போது ரிக் பக்கத்தில் நில்லுங்கள். தேங்காய் உடைப்பதற்கு முன்பே மீட்டரை வைத்துவிடுங்கள்.

ராசாமணி இப்போது மைசூரில் ஒரு ஹாஸ்டலில் சமையல் செய்கிறார். போர் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தண்ணீரை டேங்கரில் ஏற்றி ரோடு வேலைக்கு விற்கிறார் மாதேவன்.