கூரையில் காய்ந்த பலகை

தாராவியில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக் காக்குவுக்கும் ஒரே தகரக் கூரைதான். மராத்திக்காரர்கள் சித்தி முறையில் கூப்பிடும் பெயர் காக்கு. அம்மா முறுக்குச் சுட்டுக் கடைகளுக்குப் போடுவாள். கேஸ் எங்கள் சோற்றுக்கு மட்டும்தான், முறுக்குச் சட்டிக்கு அது கட்டுப்படியாகாது. தேவ்நாரிலிருந்து வரும் உடைந்த மரப்பெட்டிகள்தான் விறகு. ஈரமாக இருந்தால் எண்ணெய் காயாது, முறுக்கு எண்ணெயைக் குடித்து நமத்துப்போகும். அதனால் மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் ராஜமரியாதை விறகுக்குத்தான். அடுப்புக்கு மேலே பரணில் அது சுகமாகப் படுத்திருக்கும், நாங்கள் கீழே ஒடுங்கிக் கிடப்போம். வெயில் எட்டிப் பார்த்தால் உடனே அதைக் கூரைக்கு ஏற்றிவிடுவோம்.

அந்த வருஷம் ஊரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். விறகு விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய நினைப்பு. ஒவ்வொரு கட்டையையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். ‘டங்’கென்றால் காய்ந்தது, ‘தொப்’பென்றால் ஈரம்.

காக்கு வீட்டுக் கணபதியைத் தாதர் கடலில் கரைத்த மறுநாள் நல்ல வெயில். கூரையில் எங்கள் விறகோடு விறகாகக் கிடந்த ஒரு தேக்குப் பலகையைச் சித்தப்பா தட்டினார்.

“ஏட்டி, இதுல்லா வெறகு! சத்தத்தக் கேட்டியா?”

நாலே வெட்டில் பிளந்துவிட்டார். ஒரு துண்டில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. பெட்டியின் பெயிண்ட் என்று நினைத்து நான்தான் அம்மாவிடம் சுமந்துபோனேன். அடுப்பு அன்றைக்கு எரிந்தது போல் என்றைக்கும் எரிந்ததில்லை.

சாயங்காலம் காக்கு வாசலில் வந்து நின்றாள். “ஹமாரா பாட் தேகா க்யா?” என்றாள். எங்கள் பாட் கண்ணில் பட்டதா என்கிறாள்.

கணபதியை உட்கார வைக்கும் பலகைக்குப் பெயர் பாட். சிலை கடலோடு போய்விடும். பலகை மட்டும் வீடு திரும்பி, கூரையில் ஈரம் காய்ந்து, அடுத்த வருஷத்துக்குக் காத்திருக்கும். காக்குவின் மாமனார் காலத்திலிருந்து இருந்த பலகை அது. கேட்டுக்கொண்டே அவள் அடுப்பைப் பார்த்துவிட்டாள். குங்குமம் பட்ட துண்டு பாதி எரிந்திருந்தது.

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. எங்கள் சுவரில் இயேசு படம். வேதக்காரர்கள் வேண்டுமென்றே செய்துவிட்டார்கள் என்று காக்கு நினைத்துவிட்டால்? “ஜான்பூஜ்கே நஹீ, காக்கு”, வேண்டுமென்று செய்யவில்லை என்று அம்மா அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சித்தப்பாவுக்கு இந்தி வராது. “தெரியாமச் செஞ்சிட்டேன் தாயி” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா செம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றப்போனாள். காக்கு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மத் புஜாவ்” என்றாள். அணைக்காதே என்ற அந்த ஒரு சொல்லோடு போய்விட்டாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. சதுர்த்தியன்று அவள் கையால் நான் தின்ற மோதகங்களை நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்றது. அம்மா எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட்டாள். பலகை தானாக எரிந்து அடங்கும் வரை மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். இனிமேல் காக்கு வீட்டு வாசல்படியை எப்படி மிதிப்பது என்பதுதான் எனக்குக் கவலை.

மறுநாள் காலையில் காக்கு வந்து சாம்பல் கேட்டாள். பாத்திரம் துலக்க அவள் எங்களிடம் சாம்பல் வாங்குவது வழக்கம்தான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோபம் தீர்ந்துவிட்டது, எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று குதித்துக்கொண்டு கரண்டியை எடுத்தேன். அம்மா அதைப் பிடுங்கி வைத்தாள். ஜெபத்துக்குப் போடுவதுபோல் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, சாம்பலைக் கையாலேயே அள்ளினாள்.

காக்கு வழக்கமாகக் கொண்டுவரும் தகர டப்பாவைக் காணோம். பித்தளைப் பூஜைத் தட்டை நீட்டினாள். தலைக்குக் குளித்த ஈரம் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. வாங்கிக்கொண்டு அவள் தாதர் கடல் பக்கமாக நடந்தாள். சித்தப்பா செருப்புக்கூடப் போடாமல் அவள் பின்னால் போனார்.

“பாத்திரமெல்லாம் வீட்டுலல்லா கெடக்கு, காக்கு ஏன் அந்தப் பக்கம் போறாவ?” என்று நான் அம்மாவிடம் கேட்டேன்.